இரண்டு சம்பளச் சீட்டுகள்

மே 3

அக்கா,

நலமா என்று கேட்டால் "நலம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய். அதனால் இந்த முறை கேட்கவில்லை.

பரீட்சை முடிந்துவிட்டது. உயிரியல் தாளின் கடைசிக் கேள்விக்கு மூன்று தாள் கூடுதலாக வாங்கினேன். மேற்பார்வைக்கு நின்ற சார், "போதும்மா, திருத்துறவங்களுக்கும் குடும்பம் இருக்கு" என்றார். நான் அப்போதும் நிறுத்தவில்லை.

கல்லூரி விண்ணப்பப் படிவம் வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறேன். மே 25 மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். "முதன்மைப் பாடம்" என்று அதில் ஒரு கட்டம். அங்கே விலங்கியல் என்று எழுத எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்து ஆசை. அப்பாவின் கையெழுத்து இல்லாமல் செல்லாது. நேற்றுச் சாப்பிடும்போது கேட்டேன்.

"உங்க அக்காவும் அதைத்தானே படிச்சா?"

"ஆமாம்ப்பா. இப்போ ஆராய்ச்சி உதவியாளர். நல்ல சம்பளம்."

"நல்லன்னா எத்தனை கிலோ?"

இருபத்தாறு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு கிழித்துக் கொடுத்தவர் வேறு எப்படிக் கேட்பார்? அம்மா சும்மா இருக்கவில்லை. "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடியும் மேடையில ஏத்தித்தான் பார்த்திருப்பார்" என்றாள். அப்பா சிரிக்கவில்லை.

"அவளுக்கு நீ கடிதம் எழுதறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எழுது. சம்பளச் சீட்டு ஒண்ணு அனுப்பச் சொல்லு. முப்பதாயிரம் தாண்டினா எதை வேணா படி. தாண்டலைன்னா கணக்குப் பதிவியல். எங்க ஆபீஸ்லயே நாளைக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பாங்க."

அக்கா, அவர் உன்னைப் பற்றி வாய் திறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்று பெரியப்பா எதிரில், "எம்.எஸ்சி. முடிச்சு மூணு வருஷமா வீட்ல ஈ ஓட்டறா. விலங்கியல்தானே, பொருத்தமான வேலைதான்" என்று அவர் சொன்னதும், "சொல்லிக்கிற மாதிரி ஒரு சம்பளம் வந்தப்புறம்தான் இந்த வாசல்ல கால் வைப்பேன்" என்று நீ தட்டை அப்படியே விட்டு எழுந்து போனாய். அதற்குப் பிறகு நேற்றுதான் உன் பேச்சை எடுத்தார். கேலியாகக்கூட இல்லை. தெரிந்துகொள்ள விரும்பும் குரல் அது.

எனக்காக ஒரு சீட்டு அனுப்பு. கூடவே உன் ஒரு நாள் எப்படிப் போகும் என்று மணி வாரியாக எழுது. எத்தனை மணிக்கு நுண்ணோக்கி முன் உட்காருவாய்? மதியம் யாரோடு சாப்பிடுவாய்? ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்யும்போதெல்லாம் எனக்கு உன் முதுகு மட்டுமே தெரிகிறது.

வழக்கம்போல் உயிரியல் டீச்சர் வீட்டு முகவரிக்கே எழுது.

புழு

*

மே 9

என் புத்தகப் புழுவுக்கு,

சம்பளச் சீட்டைத் தாளில் தரமாட்டார்கள். எல்லாம் கம்பெனிக் கணினியிலேயே இருக்கும். வெளியே எடுக்கக் கூடாது என்று விதி. அப்பாவிடம் சொல்.

நாள் எப்படிப் போகும் என்று கேட்டாய். காலை ஆறரைக்கு உள்ளே போனால் மூன்றரைக்கு வெளியே வருகிறேன். போனை வாசல் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே ஜன்னல் கிடையாது. விளக்குகள் காலை ஏழுக்குத் தாமாக எரியும், மாலை ஏழுக்குத் தாமாக அணையும். மதியம் எதிர் அறைக்காரியோடு சாப்பிடுகிறேன். அவள் வாய் ஓயாது. எனக்கு அது வசதி.

கணக்குப் பதிவியல் அப்படியொன்றும் மட்டமில்லை. உனக்குப் பொறுமை இருக்கிறது, கையெழுத்து நன்றாக இருக்கிறது. அப்பா சொல்வதைக் கேள். எறும்பையும் குளவியையும் யார் வேண்டுமானாலும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம், அதற்குப் பட்டம் வேண்டாம்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அக்கா

*

மே 13

அக்கா,

அம்மாவின் முழங்கால் வலிக்கிறது. இதை முதலில் எழுதிவிட்டேன், ஏனென்றால் மற்றதெல்லாம் கோபமாக வரப்போகிறது.

"அப்பா சொல்வதைக் கேள்" என்று எழுதியது நீதானா? உன் கையெழுத்துதானா என்று பழைய கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். விதி என்கிறாய். டீச்சரிடம் கேட்டேன், எந்தக் கம்பெனியும் கேட்டால் சீட்டு கொடுக்கும் என்றார். நீ மட்டும் விஞ்ஞானியாக இருக்க வேண்டும், நான் அப்பா ஆபீஸில் நாற்காலி தேய்க்க வேண்டும், அப்படித்தானே?

நான் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. தொழில் வழிகாட்டி சார் பள்ளிக்கு வந்து சொன்ன பட்டியலை நம்பிவிடாமல், டீச்சரோடு எம்.எஸ்சி. படித்த பதினொரு பேரைப் பற்றியும் விசாரித்து நோட்டில் எழுதினேன். மூன்று பேர் பள்ளி ஆசிரியர்கள். ஒருவர் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. டாக்டர்கள் அறை வாசலில் பெட்டியோடு காத்திருப்பார், சம்பளம் நல்லது, முதுகுவலி இலவசம். ஒருவர் இரத்தப் பரிசோதனை நிலையம். ஒருவர் பிஸ்கட் தொழிற்சாலையில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறார். இரண்டு பேர் வங்கி. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்பவர் ஒருவர்தான். அவருக்கு முப்பத்தெட்டு வயதாகியும் இன்னும் "தற்காலிகம்"தானாம். எல்லாரையும்விட அதிகம் வாங்குபவர், பிறகு கணினி படித்து மரபணுத் தகவல்களைப் பிரித்துப் பார்க்கும் வேலைக்குப் போனவர். பதினொன்றாவது ஆளைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் தன் சம்பளத்தை மட்டும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே, "பாடம் நடத்தறப்போ எல்லாம் மறந்துடும்மா" என்றார்.

ஆக, கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

போன மாதம் எடைமேடை அறை ஜன்னலில் ஒரு குளவி மண்கூடு கட்டியது. பதினான்கு நாள் பார்த்தேன். ஒவ்வொரு அறையிலும் பச்சைப் புழுவைக் கொல்லாமல் மயக்கி மட்டும் வைத்து, பக்கத்தில் முட்டையிட்டு மூடிவிடுகிறது. அப்பாவின் முதலாளி அதை உடைக்கச் சொன்னபோது, "பொண்ணு நோட்டு முடிக்கட்டும் சார்" என்று அப்பா தள்ளிப்போட்டார். அவர் என் எதிரி இல்லை அக்கா. அவருக்கு ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான். அந்த எண் உன்னிடம் இருக்கிறது. தர மறுக்கிறாய்.

நேற்று மதிப்பெண் வந்தது. உயிரியலில் தொண்ணூற்றெட்டு. யாருக்கும் இனிப்பு கொடுக்கவில்லை.

உன் தங்கை

*

மே 17

புழு,

தொண்ணூற்றெட்டா. கடிதத்தை மடித்துவிட்டு, திரும்ப எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி படித்தேன்.

சரி, கேட்டுக்கொள். நான் ஆராய்ச்சி உதவியாளர் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

மருந்துகளைச் சோதிக்கும் கம்பெனி இது. அதன் அடித்தளத்தில் சுண்டெலிகள் வளர்க்கும் கூடம். நான் அங்கே கூண்டு மாற்றுகிறவள். நாலாயிரம் சுண்டெலிகள். காலையில் உடை மாற்றி, தலைக்கு உறை, முகத்துக்கு உறை, ரப்பர் பூட்ஸ். பழைய மரத்தூளைக் கொட்டி, கூண்டைக் கழுவி, புதுத் தூள் பரப்பி, தண்ணீர்ப் புட்டி மாற்றி, அட்டையில் தேதி போட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு கூண்டு. ஊசி போட வருகிறவர்களுக்கு எலியைப் பிடித்துக் கொடுப்பேன். சோதனை முடிந்த எலிகளை வாயுப் பெட்டியில் வைத்து மூடுவதும் என் வேலைதான். பெட்டி மேல் கண்ணாடி இருக்கிறது. பார்க்காமல் இருக்கக் கூடாது, எல்லாம் அடங்கிவிட்டதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மதியம் என்னோடு சாப்பிடுகிற எதிர் அறைக்காரி பத்தாவது படித்தவள். அவளுக்கும் எனக்கும் ஒரே சம்பளம். பதினொரு மாத ஒப்பந்தம், பிறகு ஒரு நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் பதினொரு மாதம். விண்ணப்பத்தில் நானும் பத்தாவது என்றுதான் எழுதினேன். அதற்கு முன் எட்டு இடத்தில் எம்.எஸ்சி. என்று எழுதினேன். நாலு இடத்தில் "அனுபவம் இல்லை" என்றார்கள். மற்ற நாலில், "இவ்வளவு படிச்சவங்க இந்த வேலையில நிலைக்க மாட்டீங்க" என்றார்கள். ஒன்பதாவது இடத்தில் அந்த வரியை எழுதாமல் விட்டேன். வேலை கிடைத்தது.

இங்கே ஒரு விஷயம் கவனித்தேன். காற்றுப்போக்கி பக்கத்து அடுக்கில் இருக்கும் தாய் எலிகள் குறைவாகக் குட்டி போடுகின்றன, சில தின்றும் விடுகின்றன. நமக்குக் கேட்காத ஒரு கீச்சு ஒலி அந்த விசிறியிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். ஐந்து மாதம் எண்ணிக்கை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு நாள் கால்நடை மருத்துவரிடம் வாய் வரைக்கும் வந்தது. பத்தாவது படித்தவளுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டால்? விழுங்கிவிட்டேன். அன்றுதான் இங்கே வந்தபிறகு முதல்முறை அழுதேன்.

இந்த உறையில் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. மஞ்சள் நிறத்தில் இருப்பது நிஜம். பதினாலாயிரத்து முந்நூற்று எழுபத்தாறு. வெள்ளை நிறத்தில் இருப்பதை நேற்று ஒரு கணினிக் கடையில் உட்கார்ந்து நானே அடித்தேன். முப்பத்தைந்தாயிரம். கம்பெனி பெயரும் முகவரியும் மேலே இருக்கிறது, பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

எதைக் காட்டுவது என்று நீ முடிவு செய். மஞ்சளைக் காட்டினால் உன் ஆசை போகும். வெள்ளையைக் காட்டினால் ஆறு வருஷம் கழித்து நீயும் எங்காவது பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்கலாம், நிற்காமலும் போகலாம். எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இரண்டையும் அனுப்பியிருக்க மாட்டேன்.

அக்கா

*

மே 21

அக்கா,

இரண்டு நாள் சீட்டுகளை அகராதிக்குள் வைத்திருந்தேன். மஞ்சளை எடுக்கும்போது உன்னைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது. வெள்ளையை எடுக்கும்போது அப்பாவை ஏமாற்றுவது போல இருந்தது. இதை என்னிடம் விட்டிருக்கக் கூடாது நீ. எனக்குப் பதினேழு வயதுதான்.

வெள்ளையைக் கொடுத்தேன்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம், கைக்கு வருவது என்று விரலை வைத்துக்கொண்டே போனார். கூட்டிப் பார்த்தார். திரும்ப மேலிருந்து வந்தார்.

"கூட்டல் சரியா இருக்கு" என்றார்.

"அப்போ கையெழுத்துப் போடுங்கப்பா."

"எல்லாம் முழுசு முழுசா இருக்கும்மா. இருபதாயிரம், பதினெட்டாயிரம், மூவாயிரம். இத்தனை வருஷத்துல ஒரு வண்டிகூட எனக்கு இப்படி நின்னதில்லை. நிஜமா நிறுத்தா கடைசியில ஏதாவது சில்லறை ஒட்டிக்கிட்டுத்தான் வரும்."

திட்டவில்லை அக்கா. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். உன்னுடைய இரும்புப் பெட்டியை அவர் திறக்கும் சத்தம் பிறகு கேட்டது. இன்று விடியற்காலை முதல் பேருந்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். அம்மாவிடம், "எடைக்கல் சரிபார்க்கற ஆபீஸுக்குப் போறேன்" என்றாராம். அதற்கு யாராவது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார்களா என்று அம்மா கேட்கிறாள்.

சீட்டில் முகவரி இருக்கிறது. இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் உன்னிடம் வந்து சேராது என்று தெரியும். இருந்தும் எழுதுகிறேன்.

புழு

*

மே 22

புழு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. நேற்று வந்தது அப்பா.

பதினொன்றரை மணிக்கு என்னை மேலே கூப்பிட்டார்கள். மேலே போகிறவர்கள் உடை மாற்ற வேண்டும், ஆனால் "அப்படியே வா" என்றார்கள். பூட்ஸோடு, மரத்தூளோடு போனேன். அதிகாரி மேசைக்கு எதிரே அப்பா உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. மடியில் என் எம்.எஸ்சி. சான்றிதழ், பிளாஸ்டிக் உறைக்குள். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார். ஏன் நின்றார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். கேட்டில் இருக்கும் காவலாளியிடம் என் அடையாளம் சொல்லிக் கேட்டிருக்கிறார். "எலிக்கூண்டு கழுவற பொண்ணா?" என்று அவன் சொல்லியிருக்கிறான். அங்கேயே திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. நேராக அதிகாரியிடம் போய்ச் சான்றிதழை மேசையில் வைத்து, "முதல் வகுப்புல தேறினவ சார். தெரியாம இந்த வேலையில போட்டுட்டீங்க போல. படிப்புக்குத் தகுந்த இடத்துல போடுங்க" என்று கேட்டிருக்கிறார்.

அதிகாரி என் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார். பத்தாம் வகுப்பு. சான்றிதழைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "இவர் உங்க அப்பாவா?"

இல்லை என்று சொல்லியிருந்தால், யாரோ ஆள் மாறி வந்துவிட்டார் என்று அனுப்பியிருப்பார்கள். வேலை தப்பியிருக்கும். நான் யோசித்தேன், புழு. அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். அவரும் நான் யோசிப்பதைப் பார்த்தார்.

"ஆமாம் சார்" என்றேன்.

தகுதியை மறைத்துப் பொய்த் தகவல் கொடுத்ததற்காக அன்றே நீக்கிவிட்டார்கள். அப்பா புரியாமல், "கூடுதலாப் படிச்சது குத்தமா சார்?" என்று மூன்று முறை கேட்டார். நாலாவது முறை கேட்கவில்லை. வாசலில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். என்னவோ சொல்ல வந்தார். நான் சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரலில், "உங்களை யாருப்பா வரச் சொன்னது?" என்றேன். அவர் டீயைக் குடிக்காமல் பேருந்து ஏறினார்.

எண்ணிக்கை எடுத்த நோட்டை மட்டும் கொண்டுவர விட்டார்கள். அதை அந்தக் கால்நடை மருத்துவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் நின்றபடியே நாலு பக்கம் படித்துவிட்டு, "இதை யாரு எடுத்தது?" என்றார். "நான்தான்." "இவ்வளவு நாள் எங்கேம்மா இருந்தே?" என்றார். கீழேதான் இருந்தேன் என்றேன்.

அதனால் சொல்கிறேன். அந்தக் கட்டத்தில் விலங்கியல் என்றே எழுது. முன்பு எழுதியதைக் கிழித்துப் போடு. கஷ்டம் படிப்பில் இல்லை, நான் அதை மறைத்ததில்தான் இருந்தது என்று நேற்றிலிருந்து தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் எழுது.

அக்கா

*

மே 27

அக்கா,

உன் 22-ஆம் தேதிக் கடிதம் நேற்று, 26-ஆம் தேதி, டீச்சர் கைக்கு வந்தது. படிவம் கொடுக்கக் கடைசி நாள் 25.

அப்பா அன்று ராத்திரி திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். அம்மா கேட்டதற்கு, "பார்த்தேன். நல்லா இருக்கா. கொஞ்சம் இளைச்சிருக்கா" என்றார். வேலை போனதைச் சொன்னார், தன்னால்தான் என்றும் சொன்னார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த ஆபீசர் இவர் உங்க அப்பாவான்னு கேட்டான். கேட்ட நிமிஷமே ஆமாம்னுட்டா. கொஞ்சம்கூட யோசிக்கலை."

உன் கடிதத்தைப் படிக்கும்வரை நான் அதை நம்பினேன். படித்த பிறகு அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

25-ஆம் தேதி காலை படிவத்தை என்னிடம் நீட்டினார். கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். பாடம் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. "எனக்கு நிறுக்கத் தெரியலைம்மா. நீயே எழுதிக்கோ" என்றார். இந்த மாதம் முழுக்க நான் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். அது என் கையில் இருந்தது, என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

கல்லூரியில் நீண்ட வரிசை. சுவரில் ஒரு பல்லி விட்டில் பூச்சியைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் எத்தனை முறை தவறவிடுகிறது என்று எண்ண ஆரம்பித்தேன். நாலாவது முறையில் எண்ணுவதை நிறுத்திவிட்டு வீட்டை நினைத்தேன். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இன்னும் எத்தனை நாள் அந்த முழங்காலோடு நின்று வேலை செய்ய முடியும்? அப்பாவுக்கு இன்னும் மூன்று வருஷம்தான் வேலை. நீ இப்போது அந்த ஊரில் வாடகை கொடுக்க என்ன செய்கிறாய்? வெள்ளைச் சீட்டைக் கொடுத்தது நான். மஞ்சளைக் கொடுத்திருந்தால் அப்பா பேருந்து ஏறியிருக்க மாட்டார். இதை நீ உன் கடிதத்தில் எங்கேயும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உன் கடிதம் இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனா என்று நேற்று முழுக்க யோசித்தேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

நீ வீட்டுக்கு வா. அப்பாவே இதை எழுதச் சொன்னார். "எந்தச் சீட்டும் வேண்டாம், வந்தா போதும்னு எழுது" என்றார். எழுதும்போது பக்கத்திலேயே நின்றார், சரியாக எழுதுகிறேனா என்று பார்த்தார். உன் கட்டிலில் என் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். எப்போது வருகிறாய் என்று மட்டும் சொல்.

என் முறை வந்தபோது மணி நாலே முக்கால். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த அலுவலகப் பெண்மணி படிவத்தையும் மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பேனாவால் என் உயிரியல் மதிப்பெண்ணைத் தொட்டார். பிறகு கட்டத்தில் நான் எழுதியிருந்த "கணக்குப் பதிவியல்" என்பதைத் தொட்டார்.

"கட்டத்துல தப்பா எழுதிட்டியாம்மா? மாத்தணும்னா மாத்திக்கோ, இன்னும் கால் மணி நேரம் இருக்கு."

"இல்லைங்க மேடம்" என்றேன். "சரியாத்தான் எழுதியிருக்கேன்."

அவர் முத்திரை குத்தினார்.

உன் தங்கை